மினசோட்டாவிலிருந்து வந்த வெள்ளி

தம்பிராசா கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மரியரஞ்சனி அருங்காட்சியக வாசல் கமராவின் காணொளியை நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் தோள்தான். அவருடைய வலது கை கோட்டின் மார்புப் பக்கத்துக்குள் புதைந்து கிடந்தது.

"பிரவீணன், இதை ஒருக்கா வந்து பார்."

உதவியாளன் பிரவீணன் கோப்பிக் குவளையோடு வந்து கதிரைக்குப் பின்னால் நின்றான். ஒஸ்லோவில் பிறந்தவன். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவன். வாயை மட்டும் எங்கேயும் பாதியில் விடாதவன்.

"இது அவர் வெளியிலை போற வீடியோதானே அக்கா? கமிட்டிக்குப் போட்டுக் காட்டினனீங்கள்."

"இல்லை. இது அண்டைக்குக் காலமை உள்ளை வாற வீடியோ."

பிரவீணன் குவளையை மேசையில் வைத்தான். "உள்ளை வரேக்கையே கோட்டுக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு வந்தவரோ? அப்ப அவர் களவெடுக்க வரேல்லை அக்கா. திருப்பிக் குடுக்க வந்திருக்கிறார்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஹொல்ம்லியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள் மரியரஞ்சனி. அதற்கு முன்னால் காப்புறுதி நிறுவனமொன்றில் பொய் நட்டஈடு கேட்பவர்களைப் பிடித்துக்கொடுத்தவள். இந்த வாரம் அவளிடம் வந்த வழக்கு சின்னது. பியோர்ண்டாலுக்குப் போகும் வழியில், பழைய பண்ணைவீடொன்றில், வட்டார வரலாற்றுச் சங்கம் ஒன்று சொந்தமாக ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறது. சம்பளத்துக்கு அங்கே யாரும் இல்லை, எல்லாரும் தொண்டர்கள். 'போனவர்கள், வந்தவர்கள்' என்று புதுக் கண்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு பக்கம், ஒரு காலத்தில் இங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நோர்வேக்காரர்கள். மறு பக்கம், இலங்கையிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் இங்கே வந்திறங்கியவர்கள்.

போனவர்கள் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள், சட்டையில் குத்தும் ஒரு வெள்ளி புரோச் இருந்தது. நோர்வேக்காரர் அதைச் சோல்யே என்பார்கள். வட்ட வடிவம், சுற்றிலும் குட்டிக் குட்டிக் கரண்டிகள் தொங்கும், அசைந்தால் கிணுகிணுக்கும். ஆன்னா என்ற பண்ணைப் பெண் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. மினசோட்டாவில் நியூ தோத்தென் என்ற சின்ன ஊரின் வரலாற்றுச் சங்கம் அதை இரவல் கொடுத்திருந்தது. அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர் லொறெய்ன் தானே விமானத்தில் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார். திங்கட்கிழமை பின்னேரம் பெட்டி வெறுமையாக இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

விருந்தாளி ஊர் திரும்புமுன் கண்டுபிடித்தால் மானம் தப்பும் என்று இங்குள்ள சங்கத் தலைவி ஸோல்வெய்க் பொலிஸுக்குப் போகாமல் மரியரஞ்சனியிடம் ஓடிவந்தார். மறுநாளே மரியரஞ்சனி கமிட்டியின் முன்னால் எழுந்து நின்றாள். பூட்டின் எண் தெரிந்தவர்கள் தலைவியும், கண்காட்சியைக் காட்டும் தொண்டரான தம்பிராசாவும் மட்டும். பெட்டி திறக்கப்பட்டது கோப்பி நேரத்தில். எல்லாரும் பக்கத்து அறையில் கோப்பி குடித்தபோது தம்பிராசா மட்டும் அங்கே இல்லை. போகும்போது கோட்டுக்குள் எதையோ பிடித்தபடி போனார். இவ்வளவும் சொல்லிவிட்டு அவருடைய பெயரையும் சொன்னாள்.

தம்பிராசா அந்த அறையிலேயே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. கட்டிடத்தின் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்து போனார். களவெடுத்தவனின் மௌனம் என்றே மரியரஞ்சனி அதை எடுத்துக்கொண்டாள்.

"காரை எடு," என்றாள் இப்போது. "பியோர்ண்டாலுக்கு."

கதவைத் திறந்தது தம்பிராசாவின் மகள் தனுசியா. வேலைக்கு வெளிக்கிட்டு நின்றாள். மரியரஞ்சனியைக் கண்டதும் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னும் என்ன மிச்சம் இருக்கு கேக்க?"

"நான் அவரை ஒண்டுமே கேக்கேல்லை, தங்கச்சி. அதுதான் பிழை. இப்ப கேக்க வந்தனான்."

"இப்ப கேட்டு? நேற்றுக் கடையிலை ஒரு ஆள் என்னை மறிச்சு, அப்பா எவ்வளவுக்கு வித்தவர் எண்டு கேக்குது."

"தனுசியா, விடம்மா. உள்ளை வரட்டும்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தம்பிராசா சோபாவின் மூலையில் இருந்தார். தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி சத்தமில்லாமல் ஓடியது. முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்கு மூடியும் இரண்டு கைபிடியும் இருந்தன, குழந்தைகளுக்குக் கொடுப்பது போல. காலில் இழுத்து ஒட்டும் பட்டி வைத்த சப்பாத்து. வலது கை ஒரு தலையணைக்குக் கீழே இருந்தது.

மரியரஞ்சனிக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. விளங்கிய வேகம் அவளைச் சுட்டது. இவ்வளவு சுலபமாகத் தெரியக்கூடியதைத் தெரிந்துகொள்ள, இவருடைய வீட்டு வாசலை ஒரு தடவை மிதித்திருந்தால் போதும்.

"அண்ணை, கை எவ்வளவு காலமா இப்பிடி?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையை வெளியே எடுத்து மடியில் வைத்தார். அது அவர் பேச்சைக் கேட்காமல் தன்பாட்டில் ஆடியது.

"போன வருஷம் துவங்கினது. சங்கத்திலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா கண்ணாடிச் சாமானுக்குக் கிட்ட விடமாட்டினம். பள்ளிக்கூடத்தாலை வாற நோர்வேப் பிள்ளையளுக்கு, அமெரிக்காவுக்குப் போன அவையின்ரை ஆக்களைப் பற்றிச் சொல்லிக்குடுக்கிறது நான். திருகோணமலையாலை வந்தவன். அந்தப் பிள்ளையள் வாயைத் திறந்துகொண்டு கேக்குங்கள்." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. "அதை விட மனம் வரேல்லை."

"அதாலைதான் கோப்பிக்குப் போறேல்லையோ?"

"கோப்பை ஆடினா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கோப்பி நேரம் நான் பின் முற்றத்திலை நிப்பன்."

பிரவீணன் முன்னால் குனிந்தான். "அப்ப அந்தப் பூட்டை எப்பிடித் திறக்கிறனீங்கள் அங்கிள்? பட்டன் ஒவ்வொண்டும் பயற்றங்கொட்டை அளவு. எனக்கே விரல் வழுக்கும்."

"கிட்ட நிக்கிற ஆளை அமத்தச் சொல்லுவன்."

"நம்பரைச் சொல்லியோ?"

"நம்பர் என்னத்துக்குத் தம்பி? நோர்வேயின்ரை தேசிய தினம் எண்டா விளங்குந்தானே. மே பதினேழு."

"அருமை," என்றான் பிரவீணன். "இந்த நாட்டிலை பாதி சைக்கிள் பூட்டுக்கு அதுதான் நம்பர். கள்ளருக்கு அரசாங்கம் குடுக்கிற உதவிப்பணம்."

தம்பிராசா சிரித்துவிட்டார். தனுசியாகூடச் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மரியரஞ்சனி கேட்டாள்: "அண்ணை, பெட்டி திறக்கத் தேவையில்லாத நேரம் ஆருக்காவது சொன்னனீங்களோ?"

சிரிப்பு நின்றது. "ஓம். கண்காட்சி துவங்கின கிழமை. ஒரு ஆள் சும்மா கதையிலை கேட்டது, நானும் சும்மா கதையிலை சொன்னன். தேசிய தினம் எண்டு மட்டும்தான்."

"ஆர் அந்த ஆள்?"

"அதைச் சொல்லமாட்டன்."

"அப்பா!" என்றாள் தனுசியா.

"சொல்லமாட்டன், பிள்ளை. அந்த ஆள் எடுத்ததை நான் கண்ணாலை காணேல்லை. காணாமல் ஒரு ஆளின்ரை பேரைச் சொன்னா என்ன நடக்கும் எண்டு இந்தக் கிழமைதான் பாத்தனான்." அவர் குரல் உயரவில்லை. மரியரஞ்சனியின் கண் தரைவிரிப்புக்குப் போனது.

"அண்டைக்குக் கமிட்டியிலை ஏன் அண்ணை ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"என்னை நம்பித் தந்த நம்பரை வெளியிலை விட்டது என்ரை பிழைதானே. அந்தக் கூச்சத்திலை நிண்டனான். நீங்கள் என்ரை பேரைச் சொல்ல, செய்யாததுக்கும் சேத்துத் தலை குனிஞ்சிட்டன்."

பிரவீணன் காரை அருங்காட்சியகப் பக்கம் ஓட்டினான். தெருவோரத்தில் பழைய பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது.

"ஒண்டு கேக்கட்டோ அக்கா? மற்றத் தொண்டர் எல்லாரோடையும் முதல் வீட்டை போய்க் கதைச்சனீங்கள். இவரை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"

"ரோட்டைப் பாத்து ஓடு."

பதில் அவளுக்குத் தெரியும். வழக்கை ஒப்படைத்த அன்று ஸோல்வெய்க் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "எங்கள் தொண்டர்களில் தமிழர் ஒருவரும் இருக்கிறார். உங்களுக்கு அது சங்கடமாக இருக்குமோ?" கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அது முள்ளாகத் தைத்தது. நம்முடைய ஆள் என்று விட்டுவிட்டாள் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. அதனால் மற்றவர்களுக்குக் காட்டிய பொறுமையை அவருக்குக் காட்டவில்லை. தன் நேர்மைக்குச் சாட்சியாக அந்த மனிதரையே கொண்டுபோய் நிறுத்தினாள். அன்றைக்கு அதைப் பெருமையாகவும் நினைத்துக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தில் ஸோல்வெய்க் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. கறள் பிடித்த உழவுக் கருவிகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

"பூட்டின் பதிவை இன்னொரு தடவை காட்டுங்கள்," என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள் மரியரஞ்சனி.

"நேரத்தைத்தான் அன்றைக்கே பார்த்தீர்களே?"

"நேரத்தை மட்டும்தான் பார்த்தேன்."

அந்தப் பூட்டில் அழுத்தப்படும் எண்கள் தலைவியின் ஃபோனுக்கு வரும். ஸோல்வெய்க் திரையை விரலால் தள்ளினார். திங்கட்கிழமை, கோப்பி நேரம். பூட்டு திறந்தது 1705 என்ற எண்ணுக்கு. அதற்குச் சற்று முன்னால் ஒரு பிழையான முயற்சி சிவப்பில் கிடந்தது.

0517.

"இலக்கம் மாறிப்போச்சுது," என்றான் பிரவீணன். "அவசரத்திலை..."

"உன்ரை பிறந்த திகதியைச் சொல்லு."

"இருபத்திரண்டாம் திகதி, ஒன்பதாம் மாதம்."

"பாத்தியோ, நாள்தான் முதல் வாயிலை வருது. எனக்கும் அப்பிடித்தான், தம்பிராசா அண்ணைக்கும் அப்பிடித்தான். இந்த வீட்டுக்குள்ளை வந்த நோர்வேக்காரர், சோமாலியர் எல்லாருக்கும் அப்பிடித்தான். மே பதினேழு எண்டு சொன்னா, யோசிக்காமல் மாதத்தை முதல் அமத்துற விரல் எந்த நாட்டு விரல்?"

பிரவீணன் வாயைப் பிளந்தான். "அமெரிக்கா!"

அந்த ஒரு சொல் ஸோல்வெய்க்குக்கும் விளங்கியது. "லொறெய்னா? அது அவர் கொண்டுவந்த பொருள்! தன் பொருளை யாராவது திருடுவார்களா?"

"அவருடைய பொருள் இல்லை. அவருடைய சங்கத்தின் பொருள். கோப்பி நேரத்தில் அவர் எங்கே இருந்தார்?"

ஸோல்வெய்க் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "எங்களோடுதான்... கை கழுவ ஒரு தடவை எழுந்து போனார்." அவர் முகம் வெளிறியது. "இன்று அவருக்கு விமானம். லில்லெஸ்ட்ரோமில் இங்கெர் வீட்டில் தங்கியிருக்கிறார். விமான நிலைய ரயில் அங்கேதான் ஏறுவார்."

இங்கெர் யார் என்று கேட்க நேரம் இருக்கவில்லை.

லில்லெஸ்ட்ரோம் நிலையத்தின் மேடையில் காற்று கத்தியாக வீசியது. லொறெய்ன் சிவப்புப் பெட்டியோடு நின்றார். நரைத்த தலை, பெரிய கண்ணாடி. பக்கத்தில், வழியனுப்ப வந்த நோர்வேக்காரி ஒருத்தி, கழுத்துவரை பொத்தான் போட்ட கனத்த கோட்டோடு. அவள்தான் இங்கெர்.

மரியரஞ்சனி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு ஆங்கிலத்தில் நேராக விஷயத்துக்கு வந்தாள். "மே பதினேழை நீங்கள் எப்படி எழுதுவீர்கள், அம்மா?"

லொறெய்ன் அவளைப் பார்த்தபடியே கைப்பையையும் பெட்டியின் சாவியையும் சேர்த்து நீட்டினார். "தேடுங்கள்."

பிரவீணன் வாங்கு இருக்கையில் வைத்துப் பெட்டியைத் திறந்தான். கம்பளி மேற்சட்டைகள், பழுப்புச் சீஸ் கட்டி, பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மைகள். கைப்பையில் மருந்து. வெள்ளி இல்லை. அவன் மரியரஞ்சனியைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினான். "சீஸுக்குத்தான் இவவைப் பிடிக்கலாம் அக்கா."

ரயில் வரும் அறிவிப்புக் கேட்டது. இரண்டாவது தடவையும் பிழையான ஆளைப் பிடித்துவிட்டோமா?  அந்த நேரம் இங்கெர், மூடிய பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் குனிந்தாள்.

கிணுகிணு என்று ஒரு சின்னச் சத்தம்.

மரியரஞ்சனி திரும்பினாள். "மன்னிக்க வேண்டும். உங்கள் கோட்டைக் கொஞ்சம் திறக்கலாமா?"

இங்கெர் ஒன்றும் விளங்காமல் மேல் பொத்தானைக் கழற்றினாள். சட்டைக் கழுத்தில் ஆன்னாவின் சோல்யே இருந்தது. குட்டிக் கரண்டிகள் காற்றில் ஆடின.

"அழகாக இருக்கிறது, இல்லையா?" என்றாள் இங்கெர். "லொறெய்னின் சங்கம் எங்கள் குடும்பத்துக்குத் திருப்பித் தந்தது. ஆன்னாவின் தங்கை இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவருடைய வழி வந்தவள்."

"சங்கம் தரவில்லை, இங்கெர்," என்றார் லொறெய்ன். குரல் உடைந்தது. "நான் தந்தேன்."

ரயில் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. லொறெய்ன் வாங்கில் உட்கார்ந்து சொன்னார். நியூ தோத்தெனில் அருங்காட்சியகத்தை நடத்த ஆளில்லை. தொண்டர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனார்கள். கோடையில் இழுத்து மூடுவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்திருந்தது. தொட்டில்களும் தறியும் பைபிள்களும் ஏலத்துக்குப் போகும். சோல்யே திரும்பி வந்ததும் அதையும் வாங்க ஒரு வியாபாரி காத்திருந்தான். "ஒரு பொருளாவது தன் வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்தேன். பூட்டு சரியாக மூடவில்லை என்று கொஞ்ச நாள் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்."

"மறக்கவில்லை. அந்தப் பழி ஒருவர் தலையில் விழுந்தது," என்றாள் மரியரஞ்சனி. "தம்பிராசா."

லொறெய்னின் கை வாய்க்குப் போனது. "ராசாவா? என் அருகில் நின்று எங்கள் ஆட்களின் கதையை எனக்கே சொன்ன மனிதர் அவர். யார் அவரைச் சொன்னது?"

"நான்," என்றாள் மரியரஞ்சனி.

இங்கெர் புரோச்சைக் கழற்றினாள். அதை லொறெய்னின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். அடுத்த ரயிலும் வந்து போனது. லொறெய்ன் எழுந்து சிவப்புப் பெட்டியைக் காரை நோக்கி இழுத்தார்.

அருங்காட்சியகத்தில் சோல்யேயைக் கண்டதும் ஸோல்வெய்க்குக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. லொறெய்ன் அங்கேயே நின்று தன் குழுத் தலைவரை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சோல்யே எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை இரண்டு சங்கங்களும் பேசித் தீர்ப்பதென்று முடிவாகியது. பிறகு ஸோல்வெய்க் மரியரஞ்சனியை ஓரமாக அழைத்தார்.

"வெளியில் இதைப் பெரிதாக்க வேண்டாம். எங்கேயோ தவறி வைத்திருந்தோம், கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுவோம். தம்பிராசாவிடம் நான் ஃபோனில் பேசுகிறேன். உங்கள் பெயருக்கும் அதுதானே நல்லது?"

நல்லதுதான். ஒரு கணம் மரியரஞ்சனியின் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அது சாய்ந்ததை அவள் கவனித்தாள்.

"அவர் பெயரை நான் ஓர் அறை நிறைய ஆட்களுக்கு முன்னால் சொன்னேன்," என்றாள். "அந்த ஆட்கள் எல்லாரும் மறுபடி அந்த அறைக்கு வர வேண்டும். அவரும் வந்தால்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பண்ணைவீட்டுக் கூடத்தில் வாஃபிள் சுடும் மணம் நிறைந்திருந்தது. தம்பிராசா வருவார் என்று மரியரஞ்சனி நம்பவில்லை. வந்தார், தனுசியாவோடு, கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். முதலில் லொறெய்ன் எழுந்து தான் செய்ததைச் சொன்னார். பிறகு மரியரஞ்சனி எழுந்தாள். தான் எதைப் பார்த்தாள், எதைப் பார்க்கவில்லை, ஒரு மனிதரிடம் ஒரு கேள்வி கேட்காமல் எப்படி அவரைக் கள்ளனாக்கினாள் என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி முடித்தாள். அவருடைய கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது.

கூட்டம் கலைந்து வாஃபிளுக்குப் போனது. அவள் கூடத்தைக் கடந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தம்பிராசா அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. மற்றத் தொண்டர் எல்லாரையும் வீடு வீடாப் போய்க் கேட்டனீங்களாம். ஏன் என்னட்டை மட்டும் வரேல்லை?"

பொய் சொல்ல ஓர் ஆயிரம் வழி இருந்தது.

"நீங்கள் எங்கடை ஆள் எண்டபடியாலை," என்றாள். "நான் உங்கடை பக்கம் சாயிறன் எண்டு அவை சொல்லிப்போடுவினம் எண்டு பயந்தனான்."

அவர் கோபப்படவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கடை ஆள் எண்டா, பிள்ளை," என்றார், "முதல் என்னட்டையெல்லோ வந்திருக்கோணும்."